திரும்பி வரும்போது மட்டும்

ஜெனீற்றாவின் காருக்கு வந்தது ஒரு கள்ள நோய். யாழ்ப்பாணம் போகும்போது அது வாயே திறக்காது. விடியப்புறம் ஊர்காவற்துறையில் புறப்பட்டு, சுருவிலில் ஒருவர், வேலணையில் மூவர் என்று நோயாளர்களை ஏற்றிக்கொண்டு, பூனை போலப் போய்ப் பெரியாஸ்பத்திரி வாசலில் நிற்கும். மத்தியானம் அதே நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பண்ணையில் கடலுக்கு நடுவே கிடக்கும் அந்த நீளத் தெருவில் ஏறினால் போதும், எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு கிலுகிலுப்புத் தொடங்கிவிடும். தகரப் பேணிக்குள், தாயம் விளையாடுகிற சோகி நாலைந்தைப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. அல்லைப்பிட்டி தாண்டிப் பனைகளுக்குள் புகுந்ததும் குறையும். வீட்டு வாசலில் நிற்பாட்டிக் கேட்டால் ஒன்றுமே இராது.

யாழ்ப்பாணத்தில் மூன்று கராச்சுகளில் காட்டியாயிற்று. மூன்று இடத்திலும் கார் நல்ல பிள்ளையாக நின்று சீராக மூச்சு விட்டது. “அக்கா, எஞ்சின் திறம். உங்கடை காதைத்தான் ஒருக்கால் டொக்டரிட்டைக் காட்டுங்கோ” என்றான் ஒரு மெக்கானிக். ஊரில் அதைவிட நல்ல பகிடி விட்டார்கள். “ரவுணிலை வாங்கின காரெல்லே, தீவுக்கு வாழ வர மனமில்லை. அதுதான் வரேக்கை பல்லைக் கடிக்குது.”

இந்தப் பகிடிகள் ஜெனீற்றாவைச் சுட்டதைவிட அவள் கணவன் சில்வெஸ்ரரைத்தான் கூடச் சுட்டன. காரணம் இருக்கிறது. ஊர்காவற்துறைக் கரையில் எந்த வள்ளத்து எஞ்சின் இருமினாலும் முதலில் கூப்பிடுவது அவனைத்தான். அவனும் போவான், ஸ்ராட் பண்ணச் சொல்வான், கண்ணை மூடுவான், பிறகு டொக்டர் மருந்து எழுதுவதுபோல ஒரே சொல்லில் பிழையைச் சொல்வான். பத்துக்கு ஒன்பது தரம் சரியாக இருக்கும். பத்தாவது தரத்தைப் பற்றி அவன் பேசுவதில்லை. அப்படிப்பட்ட காதுக்காரனுடைய வீட்டு முற்றத்திலேயே ஒரு எஞ்சின் நின்றுகொண்டு அவனுக்குப் பழிப்புக் காட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அவன் பிளக்குகளைக் கழற்றித் துடைத்தான். வால்வு இடைவெளி பார்த்தான். சைலன்சரைக் கம்பியால் இறுக்கினான். ஜக்கியையும் ஸ்பெயார் சில்லையும் இறக்கிக் குசினி அடுப்புப் பக்கத்தில் வைத்தான். கடைசியில் பின்பக்க ரிக்கி மூடியை நைலோன் கயிறு போட்டுக் கட்டி, “இனிச் சத்தம் வந்தால் என்னைக் கேளும்” என்றான். அடுத்த நாள் மத்தியானம் ஜெனீற்றா வந்து காரை நிற்பாட்டி, இறங்கி, அந்தக் கயிற்றை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தாள்.

அந்தக் கார் அவர்களுக்கு வெறும் காரல்ல. சில்வெஸ்ரரின் அக்கா மாக்கிறேற்றுக்குச் சிறுநீரகம் இரண்டும் போயிருந்தன. கிழமைக்கு மூன்று தரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாடெல்லாம் பெற்றோல் தட்டுப்பாடு வந்த மாதம், சில்வெஸ்ரர் இரண்டு பகலும் இரண்டு இரவும் வரிசையில் கானோடு நின்றான். அவன் முறை வர முந்திப் பெற்றோல் முடிந்துவிட்டது. அக்காவுக்கு இரண்டு தவணை தவறியது. மூன்றாவது தவணைக்கு அவர் இருக்கவில்லை.

அடக்கம் முடிந்த கிழமை ஜெனீற்றா தன் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகைகளை விற்று இந்தப் பழைய வெள்ளை யப்பான் காரை வாங்கினாள். முப்பத்தெட்டு வயதில் சாரதிப் பயிற்சிக்குப் போனாள். தீவுப் பக்கத்து நோயாளர்களின் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தபோது, செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஆட்களைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் ஓட்டத்தை அவளிடம் கொடுத்தார்கள். மூன்று வருடமாகப் புயலென்றாலும் மழையென்றாலும் ஒரு தவணை தவறவில்லை. ஆடி அமாவாசைக்குத் தெருவெல்லாம் சனம் நிரம்பி வழிந்த நாளிலும் தவறவில்லை. சில்வெஸ்ரர் அவளிடம் நேரே சொன்னதில்லையே தவிர, விடியப்புறம் நாலரை மணிக்கு அவள் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் திரும்பும்போது, கரையில் வலை இழுத்துக்கொண்டு நிற்கும் அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். பெருமையென்றால் அதுதான் பெருமை.

காருக்கு அவன் செய்கிற வேலை ஒன்று இருந்தது. எண்ணெய் விடுவது. வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போகிறபோதே காருக்கும் கானில் பெற்றோல் வாங்கிவந்து, பின்னேரங்களில் அவன்தான் ஊற்றுவான். “நீர் விடிய எழும்பவேணும், பெற்றோல் செற்றிலை நிண்டு மினக்கெடாதையும்” என்பான். ஆனியிலிருந்து அதில் ஒரு சின்னக் கள்ளம் கலந்திருந்தது. பத்து லீற்றர் பெற்றோலில் எட்டைத்தான் காருக்கு விடுவான். மிச்ச இரண்டை ஒளித்து வைப்பான். அந்த இடத்துக்கு இரண்டு லீற்றர் மண்ணெண்ணெயை நிரப்புவான். வலைக் கொட்டிலுக்குப் பின்னால், பழைய வலைகளுக்குக் கீழே, இப்படிச் சேர்ந்த பெற்றோல் நாலு கான் கிடந்தது. மறுபடி ஒரு தட்டுப்பாடு வந்தால் இந்தக் கார் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் அவன் கணக்கு.

மண்ணெண்ணெய் காருக்குக் கூடாதே என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்காலத்தில், குடாநாட்டுக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தானே ஓடின? சேலைன் குழாயால் நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய மாமாவின் பழைய காரில் இருந்துதான் அவனே எஞ்சின் பழகினான். முழுக்க மண்ணெண்ணெயில் ஓடின ஊரில் இரண்டு லீற்றருக்கு என்ன வந்துவிடப் போகிறது? ஜெனீற்றாவுக்குச் சொன்னால் கோபித்துப் பேசுவாள், ஆகவே சொல்லவில்லை. மணத்திலும் பிடிபடவில்லை. மண்ணெண்ணெய் மணக்காத மீன்பிடி வீடு எங்கே இருக்கிறது? அவன் கை மணக்கும், கட்டின சாரம் மணக்கும், தலையணையும் மணக்கும். வேலணையில் மகள் வீட்டில் தங்கியிருந்து சிகிச்சைக்கு வரும் நயினாதீவு நாகபூஷணி ரீச்சர் மட்டும் ஒரு நாள் மூக்கைச் சுளித்தார்.

“பிள்ளை, உன்ரை காருக்குள்ளை குசினி விளக்கு மணக்குது.”

“அது என்ரை மனிசன்ரை மணம் ரீச்சர்” என்று சிரித்துவிட்டாள் ஜெனீற்றா.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். சில்வெஸ்ரருக்கு வண்டியின் எல்லா உறுப்பிலும் சந்தேகம் வந்தது, தன் கையில் மட்டும் வரவில்லை.

ஆவணிக் கடைசியில் விஷயம் முற்றியது. வேலணையில் கராச் வைத்திருக்கும் அப்புத்துரை அண்ணை பழைய ஆள், கை சுத்தமான ஆள். சுருவில் நோயாளரின் மகன் அவரிடம் போய்ச் சத்தத்தை வாயாலே செய்து காட்டியிருக்கிறான். அவர் கதிரையை விட்டு எழும்பாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “எஞ்சினுக்குள்ளை கொன்றொட் பெயரிங் தேஞ்சுபோட்டுது. எஞ்சினை இறக்கவேணும், மூண்டு கிழமை செல்லும். இப்பிடியே ஓடினால் ஒரு நாளைக்கு நடுத்தெருவிலை றொட் உடைச்சுக்கொண்டு வெளியிலை வரும்.”

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ‘நடுத்தெருவில் உடையும்’ என்றது வேலணை தாண்டி வருவதற்குள் ‘நடுக்கடலில் கவிழும்’ என்றாயிற்று. பொம்பிளைக்குக் கியர் போடத் தெரியாது, இழுத்து இழுத்து எஞ்சினை முடித்துவிட்டாள் என்று வேறு சேர்த்துக்கொண்டார்கள். மூன்று கிழமை கார் நின்றால் ஒன்பது தவணை. யாழ்ப்பாணத்தில் வான் வைத்திருக்கும் ஒருவர் ஓட்டத்தை எடுக்க ஆயத்தமாக நின்றார். அவர் ஒருதரம் எடுத்தால் பிறகு திருப்பித் தரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடியக் கோயில் விறாந்தையில் சங்கம் கூடி முடிவெடுப்பதாக அறிவித்தல் வந்தது.

ஜெனீற்றா அழவில்லை. கோபிக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், ஓட்டம் இல்லாத நாள், சில்வெஸ்ரரைக் கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ, ஈயக்கட்டி வலை ரெண்டையும் நங்கூரத்தையும் காருக்குள்ளை ஏத்துங்கோ. அரிசி மூட்டை ஒண்டும்.”

“என்னத்துக்கு?”

“ஆக்கள் நாலு பேரின்ரை பாரம் வேணும். நூற்றித் தொண்ணூற்றொரு கிலோ.”

அவள் ஒரு கொப்பியை விரித்துக் காட்டினாள். பிள்ளைகள் எழுதுகிற ஒற்றை றூள் கொப்பி. ஆனி மாதத்திலிருந்து ஒவ்வொரு ஓட்டமும் அதில் இருந்தது. திகதி, போனது, வந்தது, எந்தக் கியர், காற்று எங்கிருந்து, வெயிலா மப்பா, சத்தம் உண்டா இல்லையா. நோயாளர்களின் நிறைகூட இருந்தது. ஆஸ்பத்திரியில் சுத்திகரிக்க முந்தியும் பிந்தியும் அவர்களை நிறுப்பார்கள். அவள் வாசலில் நின்று அதைக் கேட்டு எழுதியிருக்கிறாள்.

“பாருங்கோ. சுத்திகரிச்சு முடிய ஒவ்வொருத்தரிலையும் ரெண்டு கிலோ, மூண்டு கிலோத் தண்ணி இறங்கிப்போடும். போகேக்கைதான் பாரம் கூட, வரேக்கை குறைவு. சத்தம் வாறது வரேக்கை. அப்ப பாரம் மட்டும் காரணமில்லை.”

சில்வெஸ்ரர் கரையில் இருபது வருடமாக எஞ்சின் பார்க்கிறவன். இப்படி ஒரு கணக்கை அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை. மறுபேச்சில்லாமல் நங்கூரத்தைத் தூக்கினான்.

பண்ணைத் தெருவின் யாழ்ப்பாணப் பக்கத்து முனைக்குப் போய்க் காரைத் திருப்பினாள். முன்னால் சோளகக் காற்று கடலைச் சுருட்டிக்கொண்டு நேரே முகத்தில் அடித்தது. “கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கோ” என்றாள்.

நாலாம் கியரில் மிதித்தாள். வந்தது. சோகி கிலுகிலுத்தது, அவனுடைய பல்லுக்குள்ளேயே கிலுகிலுத்தது. காலை எடுத்தாள், நின்றது. மிதித்தாள், வந்தது. மூன்றாம் கியருக்கு இறக்கினாள், அதே வேகம், அதே காற்று, சத்தம் போய்விட்டது. நாலுக்கு ஏற்றினாள், திரும்ப வந்தது. கூப்பிட்ட நேரத்துக்கு வரச்செய்து, போவென்ற நேரத்துக்குப் போகச்செய்தாள். அவன் கண்ணைத் திறந்து எஞ்சினைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். ஒரு கை ஸ்ரியறிங் வளையத்தில், ஒரு கை கியரில், காது முன்னுக்கு, நெற்றியில் ஒரு சுருக்கம். கியர் போடத் தெரியாதவளாம்!

அல்லைப்பிட்டியில் காரைத் திருப்பி, அதே வெயிலில், அதே பாரத்தோடு, அதே நாலாம் கியரில் யாழ்ப்பாணப் பக்கம் ஓடினாள். காற்று பின்னால் தள்ளியது. மூச்சுக்கூட இல்லை.

“பெயரிங் போயிருந்தால் அது காத்துப் பாத்தே அடிக்கும்?” என்று கேட்டாள். “கால் எடுத்தாலும் அடிக்கவெல்லோ வேணும்?”

“ஓம்,” என்றான். அது முழு உண்மை. வள்ளத்து எஞ்சினிலும் அப்படித்தான். இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. “அப்ப என்ன?”

“எஞ்சின் கஷ்டப்படேக்கை மட்டும் வருது. கஷ்டப்படேக்கைதானே தின்ன சாப்பாட்டின்ரை குணம் தெரியும்? எனக்கு எண்ணெயிலைதான் சந்தேகம். ஆடியிலை ஒரு கிழமை காத்து இப்பிடித்தான் அடிச்சது, சத்தம் வரேல்லை. முதல் நாள் கொஞ்சம் வந்தது, பிறகு துப்பரவா இல்லை. அந்தக் கிழமை மட்டும் நான் ரவுணிலை பெற்றோல் அடிச்சனான்.”

கள்ளனுக்குத் தேள் கொட்டினால் கத்தமாட்டான். சில்வெஸ்ரரும் கத்தவில்லை. ஆடியில் அந்தக் கிழமை அவன் அனலைதீவில் நின்றான், மச்சானுடைய வள்ளத்துக்கு எஞ்சின் பூட்ட. அவனுக்கு இப்போது எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. “கானிலை கிடந்த பெற்றோல் பழசா இருக்குமோ தெரியேல்லை” என்று முணுமுணுத்துவிட்டு, கடலைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஜெனீற்றா, காருக்கென்று அவன் புதிதாக வாங்கி வைத்திருந்த கானிலிருந்து ஒரு கரண்டி, கார்த் தாங்கியிலிருந்து குழாய் விட்டு ஒரு கரண்டி எடுத்தாள். வெள்ளைத்தாள் ஒன்றில் இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விட்டு வெயிலில் வைத்தாள். கான் சொட்டு ஐந்து நிமிடத்தில் தடமில்லாமல் பறந்துபோயிற்று. தாங்கிச் சொட்டு பறக்கவில்லை. பொரித்த வடையை வைத்து எடுத்ததுபோல ஒரு எண்ணெய் வட்டம் தாளில் நின்றது. அவள் அதைக் கனநேரம் பார்த்தாள். பிறகு தாளை மடித்துக் கொப்பிக்குள் வைத்துவிட்டு, “ஞாயிற்றுக்கிழமை காட்டுவன்” என்று மட்டும் சொன்னாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை ஓட்டம் அதே சோகிச் சத்தத்தோடு போய் வந்தது. அன்று பின்னேரம், ஜெனீற்றா குசினிக்குள் நின்ற நேரம் பார்த்து, சில்வெஸ்ரர் ஒரு குழாயோடும் வெறுங் கானோடும் காருக்குப் பக்கத்தில் வந்தான். வேலை சுலபம். தாங்கியை வடித்து, ஒளித்து வைத்த நல்ல பெற்றோலை ஊற்றிவிட்டால் சத்தம் தானாகப் போய்விடும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது. கரையில் அவன் பேர் அப்படியே நிற்கும். தாங்கி மூடியின் விசையை இழுக்கக் கார்க்கதவைத் திறந்தபோது முன்சீற்றில் கொப்பி கிடந்தது. ஆடி மாதப் பக்கம் விரித்திருந்தது. இரண்டு வரிகளின் ஓரத்திலும் அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் ஒரே வசனம் எழுதியிருந்தது.

சத்தம் இல்லை. சில்வெஸ்ரர் அனலைதீவில்.

அவன் அந்த வரிகளைத் திரும்பவும் வாசித்தான். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. குற்றஞ்சாட்டி ஒரு சொல் எழுதவில்லை, திகதி போட்டிருக்கிறாள், அவ்வளவுதான். இப்போது தாங்கியை வடித்தால் நாளைக்கு எல்லோருக்கும் முன்னால் அவள் விடுகிற சொட்டு சுத்தமாகக் காய்ந்துபோகும். மூன்று மாதம் அவள் எழுதிய கொப்பி பொய்க் கொப்பி ஆகும். அவன் பேர் நிற்கும், அவள் பேர் போகும். அவன் குழாயைச் சுருட்டிக்கொண்டு போய் இருந்த இடத்திலேயே கொழுவினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து விறாந்தையில் இருபது பேர்போல இருந்தார்கள். வேலணையிலிருந்து நாகபூஷணி ரீச்சரும், அப்புத்துரை அண்ணையும் வந்திருந்தார்கள். ஜெனீற்றா எழும்பி, ஆசிரியை மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். பாரத்தைச் சொன்னாள், காற்றைச் சொன்னாள், மூன்றாம் கியரைச் சொன்னாள். முற்றத்தில் நின்ற காரின் தாங்கியிலிருந்து எல்லோருக்கும் முன்னால் சொட்டு எடுத்துத் தாளில் விட்டாள். எல்லோரும் எட்டி எட்டிப் பார்க்க, வட்டம் காயாமல் நின்றது. அப்புத்துரை அண்ணை கண்ணாடியைப் போட்டு, தாளை மூக்கில் வைத்து மணந்தார்.

“மண்ணெண்ணெய்!” என்றார். அவர் முகம் மாறியது. “பிள்ளை, நீர் சொல்லுறது சரி. இது பெயரிங் இல்லை.”

“எந்தச் செற்றிலை அடிச்சது? கலப்படக்காரரைப் பிடிச்சுக் குடுக்கவேணும்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“செற்றிலை பிழையில்லை,” என்றாள் ஜெனீற்றா. “என்ரை காருக்குள்ளை என்ன போகுது எண்டு பாக்காமல் விட்டது என்ரை பிழை.”

“சரிதான்,” என்று சிரித்தது அதே குரல். “பொம்பிளைக்கு எண்ணெய் விடவும் தெரியேல்லை.”

சில்வெஸ்ரர் எழும்பிவிட்டான். எழும்பின வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

“அந்த மண்ணெண்ணெயை விட்டது நான்.” விழுந்த கதிரையை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. “மூண்டு மாசமா விட்டனான். மனிசிக்குத் தெரியாது. அக்கா போனது உங்களெல்லாருக்கும் தெரியும். அவ வருத்தத்தாலை போகேல்லை, பெற்றோல் இல்லாமல் போனவ. ரெண்டு நாள் கானோடை நிண்டு வெறுங்கானோடை வந்தவன் நான். இனி ஒருக்கால் அப்பிடி வந்தால் இந்தக் கார் நிக்கக் கூடாது எண்டு, பத்துக்கு ரெண்டு லீற்றரா ஒளிச்சுச் சேர்த்தனான். நாலு கான் கிடக்குது. எனக்கெண்டு ஒரு சொட்டு எடுக்கேல்லை.” மூச்சு வாங்கினான். “எஞ்சின் எண்டால் சில்வெஸ்ரர் எண்டு சொல்லுறியள். நான் பிளக்கைத் துடைச்சன், ரிக்கிக்குக் கயிறு கட்டினன். பிழையைப் பிடிச்சது அவ. காத்தைப் பாத்து, பாரத்தை நிறுத்து, கொப்பியிலை எழுதிப் பிடிச்சவ. என்னாலை ஏலாதது அது. இந்தக் கரையிலை அவவைப்போலை எஞ்சின் தெரிஞ்ச ஆள் வேறை இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்லுறன்.”

அப்புத்துரை அண்ணைதான் எழும்பி வந்து, விழுந்த கதிரையை நிமிர்த்தி வைத்தார்.

“தம்பி, தடைக்காலத்திலை ஓடின காருகளுக்கு ஹெட்டுக்கு ரெண்டு கஸ்கெற் வைச்சு, அமுக்கத்தைக் குறைச்செல்லோ ஓட விட்டனாங்கள். அந்த எஞ்சினுகள் தளர்ந்த எஞ்சினுகள். இது இறுக்கின எஞ்சின். பிஸ்ரன் ஏறி முடிய முந்தி மண்ணெண்ணெய் தன்ரை பாட்டிலை பத்தி அதின்ரை தலையிலை அடிக்கும். சும்மா ஓடேக்கை பொறுக்கும், எதிர்க்காத்துக்கு மிதிச்சால் பொறுக்காது.” பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார். “நானும் ஏறி ஓடிப் பாக்காமல் கதிரையிலை இருந்து தீர்ப்புச் சொன்னனான். நாப்பது வருசத்திலை இப்பிடி ஒரு கொப்பி நான் காணேல்லை.”

தாங்கியை அங்கேயே வடித்தார்கள். வடித்த எண்ணெய் சில்வெஸ்ரரின் வள்ளத்துக்கு என்று ஒதுக்கினார்கள். சில்வெஸ்ரர் வலைக் கொட்டிலுக்கு ஓடிப்போய் ஒளித்த கான்களில் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். காரிடமிருந்து இரண்டு இரண்டாகக் களவெடுத்ததைக் காருக்கே திருப்பி ஊற்றினான்.

யாழ்ப்பாணம் வரைக்கும் ஓடி, பழைய எண்ணெயின் மிச்சசொச்சத்தையும் எரித்துவிட்டு, காரைத் திருப்பினாள் ஜெனீற்றா. முன்சீற்றில் அப்புத்துரை அண்ணை. பின்னால் நாகபூஷணி ரீச்சரும் சங்கத்துச் செயலாளரும், அவர்களுக்கு நடுவில் நெருக்குப்பட்டுக்கொண்டு சில்வெஸ்ரரும். மத்தியான வெயில், எதிரே சோளகம், காற்றில் தெறித்த உப்புத் தண்ணீர் கண்ணாடியில். அவள் நாலாம் கியரைப் போட்டு மிதித்தாள்.

ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். சில்வெஸ்ரர் தன் பேர்போன காதை முழுதாகத் தீட்டிக் கேட்டான். காற்றின் இரைச்சல் கேட்டது. சில்லின் ஓட்டம் கேட்டது. வேறொன்றும் இல்லை. அல்லைப்பிட்டிப் பனைகள் வரும் வரைக்கும் வேறொன்றும் இல்லை. அவனுக்குக் கண் கலங்கியது. அக்கா இந்தச் சீற்றில் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தான்.

“குசினி விளக்கு மணம் இன்னும் அடிக்குதே பிள்ளை?” என்றார் ரீச்சர்.

“அது உங்களுக்குப் பக்கத்திலை இருக்கு ரீச்சர்” என்றாள் ஜெனீற்றா. அப்புத்துரை அண்ணை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஓட்டம் யாருக்கு என்று பிறகு ஒருவரும் கேட்கவில்லை. செயலாளர் இறங்கும்போது, “செவ்வாய்க்கிழமை அதே நேரந்தானே?” என்று மட்டும் கேட்டார்.

எல்லோரையும் இறக்கிவிட்டு வீட்டு வாசலுக்கு வந்ததும் சில்வெஸ்ரர் இறங்காமலே கேட்டான். “வெள்ளிக்கிழமையே தெரியுமெண்டால் ஏன் ஜெனீற்றா எனக்குப் பேசேல்லை?”

“பேசத்தான் இருந்தனான்.” அவள் எஞ்சினை நிற்பாட்டினாள். “நேற்றுப் பின்னேரம் குழாயோடை வந்தனீங்கள். குசினி யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான். அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொழுவினீங்கள். பிறகு என்னத்தைப் பேசுறது?”

அவள் கொப்பியை மடியில் வைத்து அன்றைய திகதியைப் போட்டாள், காற்றை எழுதினாள், கியரை எழுதினாள். “மிச்ச மூண்டு கானையும் எறிஞ்சுபோடாதேங்கோ,” என்றாள் எழுதிக்கொண்டே. “அது மாக்கிறேற்று மச்சாளின்ரை. நல்ல மூடி போட்டு, வெயில் படாமல் வையுங்கோ.”

அவன் இறங்கி அவள் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தபோது, கொப்பி விரித்தபடி சீற்றில் கிடந்தது. கடைசி வரியில் மை இன்னும் காயவில்லை.

சத்தம் இல்லை. சில்வெஸ்ரர் பின்சீற்றில்.